அந்நியரிடம் யுஎஸ்டிடி விற்பதற்கு முன்: வரும் பணம் யாருடையது என்று பார்ப்பது எப்படி?

டாலர் மதிப்போடு கட்டப்பட்ட கிரிப்டோ காயினான யுஎஸ்டிடியை விற்க வருகிறவர்களுக்கு முதலில் வரும் பயம், தளம் பூட்டி வைத்திருக்கும் காயினை விடுவித்த பிறகு பணம் வராமல் போனால் என்ன செய்வது என்பதுதான். அந்த ஏமாற்று உண்டு. ஆனால் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்க்கும் பழக்கம் இருந்தாலே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். இந்தியாவில் பி2பி (தளத்தின் வழியாக ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாக விற்பது) விற்பனையாளர்களை முடக்கிப் போடுவது, பணம் முழுதாக வந்து சேர்ந்த பிறகு நடக்கிற இன்னொன்று. விற்றவர் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார். சில வாரம் கழித்து ஏடிஎம்மில் கார்டைப் போட்டால் பணம் வராது. கிளையில் விசாரித்தால், வேறு மாநிலத்துக் காவல் நிலையம் ஒன்று கணக்கை முடக்கச் சொல்லியிருக்கிறது என்பார்கள்.

ஆகவே விற்கும் ஒவ்வொருவரும் இரண்டு கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும். பணம் வந்துவிட்டதா? வந்த பணம் யாருடையது? இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விற்றவர்கள்தான் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைகிறார்கள். கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்டவை.

திருட்டுப் பணம் உங்கள் கணக்குக்கு வரும் வழி

ஒரு யுஎஸ்டிடி 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 யுஎஸ்டிடி விற்க விளம்பரம் போடுகிறீர்கள். தொகை 45,000 ரூபாய். மோசடிக்காரர் ஒருவர் அந்த ஆர்டரை எடுக்கிறார். எடுத்ததும் உங்கள் யூபிஐ ஐடி அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதே நேரத்தில் அவர் வேறொரு தளத்தில் பழைய ஸ்கூட்டர் ஒன்றை 45,000 ரூபாய்க்கு விற்பதாகப் படம் போட்டிருக்கிறார். ஸ்கூட்டர் வாங்க வந்தவரிடம் உங்கள் ஐடியைக் கொடுத்து "இதுக்கு அனுப்பிடுங்க" என்கிறார். அவர் அனுப்புகிறார். உங்களுக்கு 45,000 வந்துவிட்டது. நீங்கள் காயினை விடுவிக்கிறீர்கள். மோசடிக்காரர் யுஎஸ்டிடியோடு போய்விடுகிறார். ஸ்கூட்டர் வராதவர் புகார் கொடுக்கிறார். அவர் கையில் இருக்கும் ஒரே பெயர் உங்களுடையது.

இன்னொரு வழியில் வாங்குபவரின் பெயரும் கணக்கின் பெயரும் பொருந்தியே இருக்கும். ஆனால் அது மாதம் இவ்வளவு என்று வாடகைக்கு விடப்பட்ட கணக்கு. பகுதி நேர வேலை, பங்குச் சந்தை லாபம், 'டிஜிட்டல் அரெஸ்ட்' (போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டுவது) என்று பல வகையில் பறித்த பணம் அந்தக் கணக்கில் இறங்கி, சில நிமிடங்களில் உங்களைப் போன்ற பத்துப் பேருக்குப் பிரிந்து போகும். பணத்தை இழந்தவர் 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் பதிந்ததும், அவருடைய யூடிஆர் எண்ணை (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி எண்) பிடித்து வங்கிக்கு வங்கி தடம் தொடர்வார்கள். பணம் முதலில் விழுந்த கணக்கு லேயர் 1, அங்கிருந்து போனது லேயர் 2, இப்படியே நீளும். நீங்கள் எந்த லேயரில் இருந்தாலும் நிறுத்திவைப்பு வரலாம்.

யூபிஐயிலும் ஐஎம்பிஎஸ்ஸிலும் ஒருவர் அனுப்பிய பணத்தை அவரே திரும்ப இழுத்துக்கொள்ள முடியாது என்பது உண்மை. அதை நம்பித்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கும், ஆனால் தொட முடியாது. விற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதல் படி: அந்நியர் தேவையா என்று யோசியுங்கள்

இந்தியாவில் கிரிப்டோ நிறுவனங்கள் 2023 மார்ச் முதல் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சந்தேகப் பணப் பரிமாற்றங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் அவை பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவான எக்ஸ்சேஞ்சின் ஆர்டர் புக்கில், அதாவது வாங்கல் விற்றல் கோரிக்கைகளை நிறுவனமே பொருத்தும் பட்டியலில் விற்று, ரூபாயை உங்கள் கணக்குக்கு எடுத்தால், பணம் அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து வருகிறது. முகம் தெரியாத ஒருவரின் வங்கி வரலாறு உங்கள் மீது படியாது. 1 விழுக்காடு டிடிஎஸ்ஸையும் (மூலத்திலேயே பிடிக்கும் வரி) அவர்களே பிடித்துக் கட்டிவிடுவார்கள்.

பி2பியில் யுஎஸ்டிடிக்கு இரண்டு மூன்று ரூபாய் அதிகம் கிடைக்கிறது என்பதே பலரை இழுக்கிறது. 500 யுஎஸ்டிடிக்கு அது ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். கணக்கு முடங்கினால் ஒரு முறை வெளிமாநிலம் போய்வரும் செலவுக்கே அது காணாது. எப்போதாவது ஒரு முறை விற்கிறவர் ஆர்டர் புக்கோடு நின்றுகொள்வதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்குப் பிறகும் பி2பிதான் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

இரண்டாம் படி: தனி வங்கியில் தனிக் கணக்கு

சம்பளம் வரும் கணக்கு, வீட்டுக் கடன் தவணை போகும் கணக்கு, அம்மாவின் ஓய்வூதியம் வரும் கூட்டுக் கணக்கு ஆகிய எதிலும் இந்தப் பணத்தை வாங்காதீர்கள். அதே வங்கியில் இரண்டாவது கணக்கு திறப்பதும் போதாது. ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் உள்ள எல்லாக் கணக்குகளையும் வங்கி சேர்த்து நிறுத்தக்கூடும். வேறு வங்கியில் திறந்து, அதன் கைபேசி எண்ணும் யூபிஐ ஐடியும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் என்று வையுங்கள்.

வந்த பணத்தை உடனே வேறு கணக்குக்கு மாற்றாதீர்கள். தனிக் கணக்கு வைத்தும் பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். விற்ற அன்றே சம்பளக் கணக்குக்கு 45,000 அனுப்பினால், தடம் தொடரும்போது அந்தச் சம்பளக் கணக்கு அடுத்த லேயர் ஆகிவிடும். மனைவிக்கு அனுப்பினால் மனைவியின் கணக்கு. வீட்டு உரிமையாளருக்கு வாடகை கட்டினால் அவர் கணக்கும்கூட. குறைந்தது இரண்டு வாரமாவது பணம் அந்தக் கணக்கிலேயே கிடக்கட்டும். மாதங்கள் கழித்து வரும் புகாரை இது தடுக்காது. ஆனால் உடனடிப் புகார்களின் வலை உங்கள் வீட்டார் வரை விரியாமல் காக்கும்.

மூன்றாம் படி: விலை சொல்வதைக் கேளுங்கள்

சந்தையில் 90 ரூபாய் போகும்போது ஒருவர் 95 தருகிறேன் என்றால், அந்த ஐந்து ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சொந்தப் பணத்தில் வாங்குபவர் பைசாவுக்குப் பேரம் பேசுவார். திருடிய பணத்தை வைத்திருப்பவருக்கு விலை ஒரு பொருட்டே அல்ல. அடுத்த பத்து நிமிடத்துக்குள் அதைக் காயினாக்கிவிட வேண்டும் என்பதே அவருக்குக் குறி. அதிக விலை, அவசரம், "எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கிறேன்" என்ற பேச்சு மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிவிடுங்கள்.

விளம்பரத்தின் நிபந்தனைப் பகுதியில் நான்கு வரி எழுதிவையுங்கள்: சொந்தப் பெயரிலுள்ள கணக்கிலிருந்து மட்டும் பணம் அனுப்ப வேண்டும், மூன்றாம் நபர் பணம் ஏற்கப்படாது, ஒரே தவணையில் வர வேண்டும், கேட்டால் வங்கிப் பரிவர்த்தனைப் பட்டியல் காட்ட வேண்டும். பின்னால் தகராறு வந்தால் தளத்தின் குழு முதலில் படிப்பது இந்த வரிகளைத்தான். தொகையையும் உடைந்த எண்ணாக வையுங்கள். 45,000-க்குப் பதில் 45,017 என்று வைத்தால் எந்த ஆர்டருக்கு எந்தப் பணம் என்ற குழப்பம் வராது. ஒரே தொகைக்கு இரண்டு ஆர்டர் எடுத்து, ஒன்றுக்கு மட்டும் பணம் அனுப்பி, அதே யூடிஆரை இரண்டுக்கும் காட்டுகிற ஏமாற்று இதனாலேயே அடிபட்டுப் போகும்.

நான்காம் படி: ஆளைப் பார்க்கும் விதம்

ஆர்டர் வந்ததும் அவருடைய பக்கத்தைத் திறந்து, கணக்கு எப்போது தொடங்கியது, மொத்தம் எத்தனை வர்த்தகம், கடைசி 30 நாளில் எத்தனை, முடித்த விழுக்காடு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு வருடம் தூங்கிக் கிடந்த கணக்கில் இந்த வாரம் மட்டும் ஐம்பது வாங்கல் இருந்தால், அந்தக் கணக்கு கைமாறியிருக்க வாய்ப்புண்டு. நல்ல மதிப்பீடு எண்களை மட்டும் நம்பாதீர்கள். பழைய கணக்குகளும் விற்பனைக்குக் கிடைக்கின்றன.

பெரிய தொகை என்றால், எந்த வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பப் போகிறாரோ அதன் ஒரு மாதப் பட்டியலைத் தளத்தின் சாட்டிலேயே கேளுங்கள். முன்பின் தெரியாதவரிடம் இப்படிக் கேட்பது கூச்சமாக இருக்கலாம். ஆனால் ஒழுங்காக வாங்குபவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. பட்டியலில் இருப்பைவிட ஓட்டத்தைப் பாருங்கள். சம்பளம் வந்து, மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் போய், மீதி தங்கியிருக்கும் கணக்கு உயிருள்ள மனிதருடையது. காலையில் ஊர் ஊராகப் பலரிடமிருந்து பணம் வந்து, மாலைக்குள் முழுதும் வெளியேறி, இருப்பு சில நூறு ரூபாயில் நிற்கும் கணக்கு வாடகைக் கணக்கு. அதைக் கண்டால் ஆர்டரை ரத்து செய்யச் சொல்லிவிடுங்கள். அடையாள அட்டை கேட்டால், ஆதாரின் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட படியே போதும். உங்களுடையதையும் அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

சாட் தளத்துக்குள்ளேயே நடக்கட்டும். டெலிகிராமுக்கோ வாட்ஸப்புக்கோ வரச் சொல்பவர் ஆதாரம் இல்லாத இடத்துக்கு உங்களை அழைக்கிறார். டெலிகிராம் குழுக்களில் 'அட்மின் எஸ்க்ரோ' என்று நடுவர் வேலை பார்ப்பவர்களின் பெயரையும் படத்தையும் அப்படியே போட்டுப் போலிக் கணக்கு தொடங்கியிருப்பார்கள். பயனர் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். காயின் அந்தப் போலிக்குப் போனால் திரும்பாது.

ஐந்தாம் படி: பணம் வந்ததைச் சரிபார்த்தல்

"பெய்ட்" என்று வாங்குபவர் அழுத்தியதும் தளம் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பும். அது அவர் சொன்னது மட்டுமே, வங்கி சொன்னதல்ல. ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான், பணம் செலுத்தியதுபோல் திரையைக் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம். பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வருவது வங்கிச் செய்தியே அல்ல.

வங்கிச் செயலிக்குள் நீங்களே நுழைந்து கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்:

1. எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இருப்பு இந்தத் தொகையால் கூடியிருக்கிறதா? காசோலை போட்டால் தொகை பட்டியலில் தெரிந்தும் வசூலாகாமல் நிற்கலாம். காசோலைக்குக் காயின் விற்கவே வேண்டாம்.

2. தொகை கடைசி இலக்கம் வரை சரியா? 45,017-க்குப் பதில் 4,501.70 அனுப்பிவிட்டு அவசரப்படுத்துவார்கள். பதற்றத்தில் கண் புள்ளியைத் தவறவிடும்.

3. யூடிஆர் எண் அவர் சாட்டில் கொடுத்ததோடு பொருந்துகிறதா? யூபிஐயில் அது 12 இலக்கம்.

4. அனுப்பியவர் பெயர் தளத்தில் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) செய்த பெயரோடு ஒத்துப்போகிறதா? தமிழ்நாட்டில் இன்ஷியல் முன்னும் பின்னும் மாறுவது சகஜம். அந்த வேறுபாட்டுக்கு மட்டும் இடம் கொடுங்கள். தம்பி, நண்பர், கம்பெனிக் கணக்கு என்ற எந்த விளக்கமும் வேண்டாம். ஸ்கூட்டர் வாங்கியவரின் பணம் வந்து விழும்போது உங்களைக் காப்பாற்றும் முக்கியச் சோதனை இந்தப் பெயர்ச் சோதனைதான்.

5. குறிப்புப் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது? "ஸ்கூட்டர்", "வேலைக் கட்டணம்", "முதலீடு" என்று ஏதாவது இருந்தால் அனுப்பியவருக்கு யுஎஸ்டிடி பற்றியே தெரியாது என்று பொருள். நீங்களும் "கடன் திருப்பம்" போன்ற பொய்க் காரணம் எழுதச் சொல்லாதீர்கள். நாளைக்கு விசாரணையில் உங்கள் ஆதாரத்தை அந்தப் பொய்யே கெடுக்கும்.

யூபிஐ, ஐஎம்பிஎஸ், ஆர்டிஜிஎஸ் மூன்றிலும் பணம் பெரும்பாலும் உடனே வந்துவிடும். நெஃப்ட் அரைமணிக்கு ஒரு தொகுப்பாகப் போவது, கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஏடிஎம் டெபாசிட் இயந்திரத்தில் யாரோ போட்ட ரொக்கம் வந்தால் அனுப்பியவர் பெயரே தெரியாது. அதை மூன்றாம் நபர் பணமாகவே நடத்துங்கள். பணம் வாங்க க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் போடவோ தேவையே இல்லை. அப்படிக் கேட்டால் பணம் போகப் போவது உங்கள் பக்கத்திலிருந்து.

பேபால் வழியாக விற்பதை வெளிநாட்டிலிருக்கும் தமிழர்கள் சிலர் கேட்கிறார்கள். அங்கே பணம் செலுத்தியவர் 180 நாள் வரை தகராறு எழுப்ப முடியும். கிரெடிட் கார்டுப் பணத்துக்கும் சார்ஜ்பேக் (வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறுவது) உண்டு. திரும்பப் பெற முடிகிற பணத்துக்குத் திரும்பாத காயினைக் கொடுப்பது எந்த நாட்டிலும் சரிவராது.

ஆறாம் படி: பெயர் பொருந்தவில்லை என்றால்

காயினை விடுவிக்காதீர்கள், அதே சமயம் பணத்தை வைத்துக்கொண்டு மௌனமாகவும் இருக்காதீர்கள். உடனே தளத்தில் அப்பீல் எழுப்பி, பணம் வேறு பெயரிலிருந்து வந்திருக்கிறது என்று பதிவுசெய்யுங்கள். பிறகு எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு மட்டும் முழுத் தொகையையும் திருப்புங்கள். "என்னோட இன்னொரு அக்கவுண்டுக்கு அனுப்புங்க" என்பதே மோசடியின் இரண்டாம் பாதி. அதற்கு இணங்கினால் திருட்டுப் பணத்தைக் கைமாற்றிக் கொடுத்தவர் நீங்களாகிவிடுவீர்கள். கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியை வேறிடத்துக்கு அனுப்புங்கள் என்பதும் இதே தந்திரம்.

இந்த நேரத்தில் மிரட்டல் வரும். "போலீஸ்ல சொல்லிடுவேன்", "அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க" என்று செய்தி மேல் செய்தி வரும். தளத்தின் உதவிக்குழு என்று சொல்லிக்கொண்டு யாராவது தனிச் செய்தியில் வந்து விடுவிக்கச் சொன்னால் அது பொய். கடிகாரம் ஓடினாலும் காயின் எஸ்க்ரோவில் (தளத்தின் பிடியில்) பூட்டித்தான் இருக்கும். உங்கள் விரல் அழுத்தாமலோ தளத்தின் முடிவு இல்லாமலோ அது போகாது.

நேரில் ரொக்கம் வாங்கலாமே என்பவர்களுக்கு: ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கிய தொகைக்கு ஈடான அபராதம் உண்டு. கள்ளநோட்டு, வழிப்பறி ஆபத்துகளும் சேர்ந்துகொள்ளும். தளத்துக்கு வெளியே விற்றால் 1 விழுக்காடு டிடிஎஸ் பிடிக்கும் பொறுப்பு வாங்குபவருடையது. முகம் தெரியாதவர் அதைச் செய்வார் என்று நம்ப முடியாது.

ஏழாம் படி: விற்றதும் ஒரு கோப்பு

ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு ஃபோல்டர் போடுங்கள். ஆர்டர் எண் தெரியும் பக்கம், முழுச் சாட், வாங்குபவரின் கேஒய்சி பெயர், யூடிஆர், அன்றைய வங்கிப் பட்டியல், அந்த யுஎஸ்டிடியை நீங்கள் எப்போது எங்கே வாங்கினீர்கள் என்பதற்கான ரசீது, வாலட்டிலிருந்து (காயின் வைக்கும் சொந்தச் செயலி) அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை ஹேஷ் எண் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்) ஆகியவை அதில் இருக்கட்டும். சாட்டை அன்றே சேமியுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் தளமே இந்தியாவில் திறக்காமல் போகலாம். 2023 டிசம்பரில் நிதி நுண்ணறிவுப் பிரிவு ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் அனுப்பி, அவற்றின் தளங்களை முடக்கக் கேட்டபோது பலர் இப்படித் தவித்தார்கள். லாபத்துக்கு 30 விழுக்காடு வரியும் செஸ்ஸும் உண்டு. அதைக் கணக்கில் காட்டியிருப்பது, விசாரணை அதிகாரி முன் உங்கள் சொல்லுக்கு எடை சேர்க்கும்.

எட்டாம் படி: கணக்கு முடங்கிவிட்டால்

முதலில் கிளைக்குப் போய், எழுத்தில் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், தகராறில் உள்ள தொகை எவ்வளவு, அந்தத் தொகைக்கு மட்டும் லியனா (பிடித்து நிறுத்துதல்) அல்லது கணக்கு முழுவதும் ஃப்ரீஸா (முடக்கம்)? கடைசிக் கேள்வி மிக முக்கியம். 45,000 ரூபாய்ப் புகாருக்கு மூன்று லட்சம் இருக்கும் கணக்கு முழுதும் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, ஏழாம் படியின் கோப்பை ஒரே பிடிஎஃப்பாக்கி, தேதி வரிசையில் ஒரு பக்க விளக்கத்தோடு விசாரணை அதிகாரிக்கும் வங்கியின் நோடல் அதிகாரிக்கும் (புகார்களுக்குப் பொறுப்பான தொடர்பு அதிகாரி) மின்னஞ்சல் அனுப்புங்கள். தகராறுத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி அதில் தெளிவாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால், சைபர் குற்றப் புகார் தளத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் நோடல் அதிகாரி, குறைதீர் அதிகாரி பட்டியல் இருக்கிறது, அவர்களுக்கு எழுதுங்கள். ஆவணங்கள் கேட்டோ நேரில் வரச் சொல்லியோ எழுத்தில் நோட்டீஸ் வந்தால் புறக்கணிக்காமல் வழக்கறிஞர் மூலம் பதில் கொடுங்கள்.

இந்தச் சமயத்தில் "பத்தாயிரம் கொடுத்தா அன்ஃப்ரீஸ் பண்ணித் தரேன்" என்று அழைப்பு வரும். வீடியோ காலில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வருபவரும் உண்டு. வீடியோ காலில் கைது என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. புகார் கொடுத்தவரோடு சமரசமாகப் போக விரும்பினால்கூட, தனியாகப் பேசிப் பணம் அனுப்பாதீர்கள். விசாரணை அதிகாரிக்குத் தெரிந்து, எழுத்து மூலம், புகார் கொடுத்தவருடைய கணக்குக்கே போகட்டும்.

இதற்கும் அசையவில்லையென்றால் நீதிமன்றம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் கணக்கை முடக்கும் காவல் அதிகாரி அதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கை போயிருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞர் முதலில் பார்க்கட்டும். விடுவிக்கக் கோரி 503-ஆம் பிரிவில் மனு போடலாம். அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கை இயங்க விடுங்கள் என்று கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் இத்தகைய வழக்குகளில் உத்தரவிட்டிருக்கின்றன. மனுவோடு அந்த உத்தரவுகளின் நகலையும் உங்கள் விற்பனைக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.